அழுவதற்கு ஓர் இடம்

விசைத்தறியின் ஓசைக்குப் பழகிப்போன காதுகளுக்கு, அது நின்றால்தான் உறக்கம் கலையும். பள்ளிப்பட்டில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் எங்களுக்கும் அப்படித்தான். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரிரவு அடுத்த வீட்டுத் தறி நின்றது. விழித்துக்கொண்டோம். கொரோனா நோயின் இரண்டாம் அலை ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மூச்சுத் திணறிய அடுத்த வீட்டுக்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் அவரது உடல் திரும்பி வந்தது. வீட்டுக்கு அல்ல, நேரே மயானத்துக்கு.

நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்; கணவனும் மனைவியும். பங்கில் நோயுற்றோரையும் துயருற்றோரையும் சந்திக்கும் பணியில் பல ஆண்டுகளாக எங்களால் இயன்றதைச் செய்து வருகிறோம். ஆறுதல் சொல்வதில் தேர்ந்தவர்கள் என்றுகூட எங்களைப் பற்றி நாங்களே எண்ணிக்கொண்டிருந்ததுண்டு. அந்த எண்ணம் தகர்ந்த கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

எங்கள் ஊரைப்பற்றி ஒரு சொல். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டன. எல்லைக்கோடு மாறியது, வீட்டுக்குள் பேசும் மொழி மாறவில்லை. தெருவில் தமிழும் அடுப்பங்கரையில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அடுத்த வீட்டினரும் அத்தகையோரே. நெசவாளர், இந்துக்கள், எங்களுக்குச் சொந்தங்களைவிட நெருக்கமானவர்கள்.

அந்த வீட்டு அம்மையாருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். தறியில் கணவர் நிற்க, பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. அதைவிட, ஊருக்குத் தெரிந்த வேறொரு திறமையும் அவருக்கு உண்டு. அவர் ஒப்பாரி வைப்பதில் வல்லவர். எந்தச் சாதித் தெருவில் சாவு விழுந்தாலும் அவருக்குச் சொல்லியனுப்புவார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக அமர, தமிழில் தொடங்கித் தெலுங்கில் இறங்கி மீண்டும் தமிழுக்கு ஏறிவரும் அவர் குரலில், இறந்தவரின் வாழ்க்கை முழுதும் விரிந்துவிடும். அழமாட்டாமல் உறைந்திருந்தவர்களும் அழுதுவிடுவார்கள்.

அப்படிப்பட்டவரின் கணவர் இறந்தபோது ஒப்பாரி இல்லை. பந்தல் இல்லை, பறை இல்லை. நெகிழித் துணியில் சுற்றப்பட்ட உடலை நான்கு பேர் இறக்கினார்கள். பெண்கள் தெருமுனையைத் தாண்டவில்லை. எங்கள் தொண்டை நாட்டுப் பகுதியில் கருமாதி இரவில் கூத்து வைப்பது வழக்கம். பெரும்பாலும் 'கர்ண மோட்சம்' நடக்கும். கர்ணன் விழுவதையும் குந்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுவதையும் விடிய விடியப் பார்த்திருக்கும் வீட்டார், கர்ணனுக்காகவும் தம் வீட்டுப் பிணத்துக்காகவும் ஒருசேர அழுவார்கள். அந்த ஆண்டு கூத்தும் இல்லை.

நாங்கள் போனோம். முகக்கவசம் அணிந்து, வாசற்படிக்கு வெளியே நின்று, எங்களுக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னோம்: "அழாதேம்மா. பிள்ளைங்களுக்காகத் தைரியமா இரு. கடவுள் பார்த்துக்குவார்."

அவர் தலையசைத்தார். எங்கள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். அதன்பின் அவர் அழவே இல்லை.

*

இரண்டு மாதங்கள் கழித்து மகன் தறியை ஓட்டத் தொடங்கினான். அம்மையார் மட்டும் சுவரோரம் அமர்ந்தபடியே இருந்தார். உறக்கம் போயிற்று; பசி போயிற்று. நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் அடைக்கிறது என்பார். பின்பு அதையும் சொல்வதை விட்டுவிட்டார். கையில் தாரைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டே இருப்பார், சுற்றமாட்டார்.

நோய்க்குப் பெயர் சூட்ட ஊரில் ஆளா இல்லை? பயந்த கோளாறு என்றார் ஒருவர். காற்று கருப்பு என்றார் மற்றொருவர். மகள் ஓர் அமாவாசையன்று தாயைத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, திருக்குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். வெல்லம் கரைவதுபோல் நோய் கரையும் என்பது இந்த மாவட்டத்து மக்களின் நம்பிக்கை. அங்குள்ள பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். இதயத்தின் வெப்பத்தைத் தணிப்பது என்று பொருள். அப்பொருளை நாங்கள் பின்னாளில்தான் எண்ணிப் பார்த்தோம். அப்போது 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டோம்.

அடுத்து எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு மந்திரவாதியிடம் போனார்கள். அவர் வேப்பிலைக் கொத்தால் அடித்தார். கணிசமான தொகை கேட்டு வாங்கிக்கொண்டார். "புருசனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அவன் போக வழியில்லாமல் இவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்" என்று சொல்லியனுப்பினார். அம்மையாரின் முதுகில் தடித்திருந்த கோடுகளைக் கண்டு எங்களுக்குக் கோபம் பொங்கியது.

படித்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று நாங்களே முன்னின்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் மூன்று நிமிடம் பார்த்தார். கேள்விகளை எங்களிடம் கேட்டார். விடைகளையும் நாங்களே சொன்னோம். நோயாளியிடம் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. மாத்திரைகளோடு திரும்பினோம். அவற்றை அம்மையார் அரிசிப் பானையில் போட்டு மறைத்து வைத்திருந்ததைச் சில வாரங்கள் கழித்து மகள் கண்டுபிடித்தாள்.

மந்திரவாதி அவரைத் தொட்டார், அடித்தார். மருத்துவர் தொடவும் இல்லை, பேசவும் இல்லை. நாங்களோ அழக்கூடாது என்று அறிவுரை சொன்னோம். மூன்று இடங்களிலும் அவருடைய சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று.

*

எங்கள் கோபத்துக்கு வேறொரு வேரும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்குத் திருமணமான புதிதில், 1982ஆம் ஆண்டில், எங்கள் சித்தப்பாவுக்கு மனம் பேதலித்தது. இரவெல்லாம் யாரோடோ பேசுவார், தெருவில் ஓடுவார். பெரியவர்கள் அவரைத் தொலைவிலுள்ள ஒரு புனிதத் தலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஊரும் தலமும் எவை என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று எல்லாச் சமயத்தாரிடமும் அத்தகைய இடங்கள் இருந்தன. ஓராண்டுக்கு மேல் அவர் அங்கே இருந்தார். 1985இல் அவர் இறந்தபோது உடலைக் குளிப்பாட்டினோம். வலது கணுக்காலைச் சுற்றி வளையம்போல ஒரு கறுத்த தழும்பு. சங்கிலி! எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மூத்தவர்கள் வெள்ளைத் துணியை இழுத்து அந்தக் காலை மூடினார்கள்.

ஆகவே, மரபிலே மருந்திருக்கிறது என்று யாரேனும் சொல்லும்போதெல்லாம் அந்தக் கணுக்கால்தான் எங்கள் கண்முன் வரும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். புகழ்பெற்ற தர்காவை நாடி, குணம் பெறலாம் என்ற நம்பிக்கையோடு உறவினர் கொண்டுவந்து விட்டுச்சென்றவர்கள் அவர்கள். அந்தச் செய்தியைப் படித்த காலையில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்துவிட்டது. எங்கள் சித்தப்பாவுக்கு அது மிகவும் காலந்தாழ்ந்து வந்தது.

ஆனால் உண்மைக்கு மறுபக்கமும் இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இரகுராம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய தோழர்களும், தமிழ்நாட்டிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்தார்கள். ஆய்வின் முடிவு 2002இல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே மருந்தில்லை, தனிச்சிறப்பான சடங்குகளும் இல்லை. நோயாளியோடு உறவினர் ஒருவர் உடனிருந்தார். கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகளில் நோயாளிகள் கலந்துகொண்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களிடம் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. இதைக் கொண்டு மருந்தே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டலாகாது. ஆனால் குணப்படுத்தியது எதுவாக இருக்கும் என்று அம்மருத்துவர்கள் எண்ணியது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அச்சுறுத்தாத, அரவணைக்கும் இடம். யாரும் விரட்டாத இடம். அதையே அவர்கள் சுட்டினார்கள்.

இதை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்தவர்களும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பஞ்சாபில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர் 1950களில், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் 1957ஆம் ஆண்டு மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. நோயாளியைப் பூட்டிவைத்து உறவைப் பிரிப்பதே உலகெங்கும் முறையாக இருந்த காலத்தில் செய்தது அது. நோயாளியைத் தனியே விடாத நம் குடும்ப வழக்கத்தையே மருத்துவத்தின் துணையாக்கினார்கள். சித்தப்பாவைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் இல்லாமற்போனது இதுவே. தலம் இருந்தது, நம்பிக்கை இருந்தது. உடனிருக்க ஒருவர் இல்லை. அந்த இடத்தைச் சங்கிலி பிடித்துக்கொண்டது.

கத்தோலிக்கராகிய நாமும் இந்த வினாவுக்கு வெளியே இல்லை. தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டியிலுள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு, மத வேறுபாடின்றி மக்கள் மனநோயுற்றோரை நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். பிரிட்ஜித் செபாஸ்தியா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதைப்பற்றி ஒரு முழு நூலே எழுதி 2007இல் வெளியிட்டார். பிற சமயத்தாரின் வெல்லத்தையும் வேப்பிலையையும் பார்த்துச் சிரிக்கும் நாம், நம் வீட்டுப் பிள்ளைக்கு நோய் வந்தால் மெழுகுவர்த்தியோடும் எண்ணெயோடும் ஓடுவதில்லையா? ஓடுவது தவறன்று. ஓடுகிறவரின் மனத்தை மற்றவர் புரிந்துகொள்ளாதிருப்பதே தவறு.

*

2021ஆம் ஆண்டின் இறுதியில் எங்களுக்கு ஓர் ஒளி கிடைத்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் குறித்த நாள்களில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மையாரை மீண்டும் அழைத்துப் போனோம். இம்முறை ஓர் இளம்பெண் மருத்துவர். எங்களைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க சார்" என்றார். கதவு சாத்தப்படுமுன் அவர் அம்மையாரின் கையைப் பற்றிக்கொண்டு கேட்டது எங்கள் காதில் விழுந்தது: "ஏம்மா, ராத்திரி நித்ர படுதுந்தா?" இரவில் தூக்கம் வருகிறதா என்ற அந்த ஒரு கேள்வி, அடுப்பங்கரை மொழியில் கேட்கப்பட்டது.

ஏழு மாதமாகப் பேசாதவர் அரைமணி நேரம் பேசினார்.

வெளியே வந்த மருத்துவர் எங்களிடம் சொன்னார்: "இது மனச்சோர்வு நோய். துக்கம் உள்ளேயே முடங்கிப் போயிருக்கு. சாவு வீட்டுல நடக்கவேண்டியது எதுவும் நடக்கலைன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. மாத்திரை தர்றேன், தூக்கமும் பசியும் வரும். கோயிலுக்குப் போகணும்னு சொன்னா தடுக்காதீங்க. அடிக்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பாதீங்க. மாத்திரையை என்னைக் கேக்காம நிறுத்த விடாதீங்க."

திரும்பும் வழியில் பேருந்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மருத்துவர் சொன்னதும் மந்திரவாதி சொன்னதும் எங்கள் மனத்தில் அடுத்தடுத்து நின்றன. செய்ய வேண்டியது செய்யப்படாமல், போகவேண்டியவர் போகாமல், இவர் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். துக்கம் உள்ளே முடங்கிவிட்டது. இரண்டும் ஒன்றுதானே? அடியும் பணமும் கொடுமை. அவற்றை எக்காலத்தும் ஏற்க முடியாது. ஆனால் அந்த மனிதர், நாங்கள் கேட்கத் தவறிய ஒன்றைக் கேட்டிருந்தார். மக்கள் தம் நோயை மருத்துவ நூலின் பெயரோடு கொண்டுவருவதில்லை. காற்று என்றும் கருப்பு என்றும் நெஞ்சடைப்பு என்றும் வயிற்றெரிச்சல் என்றும் தமக்குத் தெரிந்த சொல்லில் கட்டிக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சொல் ஒரு கதவு. அதைப் பூட்டிவிட்டு வெளியே நின்று உபதேசம் செய்வது எளிது. அதைத் திறந்து உள்ளே சென்று, அங்கே இருப்பவரின் கையைப் பிடித்து மருத்துவத்தின் பக்கம் அழைத்து வருவதே அரிது.

இந்த அரிய பணியைப் போரின் நடுவே செய்தவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரினால் மனம் காயப்பட்டோருக்கு உதவும் களப்பணியாளருக்காக 'மனவடு' என்ற கையேடு அவர் முயற்சியால் தமிழில் வந்தது. பதற்றத்தால் நடுங்குவோருக்கு, மூச்சுப்பயிற்சியோடு அவரவர் சமயத்துச் செபத் தொடரைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கும் பழக்கத்தையும் அவர் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே பயன்படுத்தினார். காணாமற் போனோரின் குடும்பங்களைப்பற்றி அவர் எழுதியிருப்பவை நெஞ்சை உருக்குபவை. உடலைக் காணாமல், சடங்கு செய்ய இயலாமல், அழுவதா காத்திருப்பதா என்று தெரியாமல் வாழ்வோரின் துயரம் முடிவற்றது. 2021இல் நம் தெருக்களிலும் அத்தகைய துயரம் கதவுகளுக்குப் பின்னே குந்தியிருந்தது. நாம்தான் அதைப் பார்க்கவில்லை.

*

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் அன்னையார் இறைவனடி சேர்ந்தார். வயது எண்பத்தெட்டு. நிறைவான சாவு. எங்கள் வீட்டில் ஒப்பாரி வைக்கும் வழக்கமில்லை. செபமாலையும் பாடலும் போதும். மார்பிலடித்து அழுவது நம்பிக்கையற்றோர் வழக்கம் என்று சிறுவயதில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவர் துயருறாதீர்கள் என்று சொல்லவில்லை. எதிர்நோக்கு இல்லாதவரைப்போலத் துயருறாதீர்கள் என்றே சொன்னார். அந்த வேறுபாடு எங்களுக்கு அப்போது விளங்கியிருக்கவில்லை.

அடுத்த வீட்டு அம்மையார் வந்து ஒரு மூலையில் அமர்ந்தார. மாத்திரைகளால் முகம் சற்றுத் தெளிந்திருந்தது, பேச்சில்லை. செபமாலையின் ஒரு பத்து முடிந்த இடைவெளியில், எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் அவரை நோக்கிச் சொன்னார்: "ஏண்டி, ஊருச் சாவுக்கெல்லாம் நீதானே அழுத? உம் புருசனுக்கு அழ எங்களுக்குத்தான் வழியில்லாம போச்சு. இந்தக் கெழவிக்காவது வாயைத் தொறந்து அழேண்டி."

மருத்துவர் நரேந்திர நாத் விக் 2004ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. கடலைத் தாண்டும் ஆற்றல் தன்னிடம் இருப்பதையே மறந்து அமர்ந்திருந்த அனுமனுக்கு, சாம்பவான் அந்த ஆற்றலை நினைவூட்டிய கதையை அவர் எடுத்துக்கொண்டார். மனநோய்க்கு ஆற்றுப்படுத்துவோர் செய்யவேண்டியது இதுவே என்றார். புதிதாக ஒன்றையும் ஊட்டவேண்டாம். இருந்ததை நினைவூட்டினால் போதும். அந்தக் கட்டுரையை எங்கள் எதிர்வீட்டு மூதாட்டி படித்தவரல்லர்.

அம்மையார் வாய் திறந்தார். முதலில் குரலே எழவில்லை. பின்பு எங்கள் அன்னையின் தலைமாட்டில் வந்தமர்ந்து, அவர் எங்களை வளர்த்ததை, அவர் வைத்த முருங்கையை, அவர் கடன் கொடுத்த அரிசிப்படியைச் சொல்லி அழுதார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து வட்டமிட்டனர். சிறிது நேரத்தில் தமிழ் தெலுங்காயிற்று. அப்போது அது எங்கள் அன்னைக்கான ஒப்பாரியாக இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. நெகிழித் துணிக்குள் முகம் காட்டாமல் போன மனிதரை, நின்ற தறியை, கொடுக்காமற்போன கடைசி வாய்த் தண்ணீரைச் சொல்லி அவர் கதறினார். வட்டத்திலிருந்த பெண்கள் விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டி, மூக்கைச் சிந்தி, தோளைப் பிடித்துக்கொண்டு உடன் அழுதார்கள். பங்குத்தந்தை வந்து வாசலில் நின்றார். தடுப்பாரோ என்று நாங்கள் அஞ்சினோம். அவர் செபப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து காத்திருந்தார்.

அன்று எங்கள் அன்னைக்கு நாங்களும் வாய்விட்டு அழுதோம். சித்தப்பாவுக்கும் சேர்த்து அழுதோம் என்றே சொல்ல வேண்டும். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் வெள்ளைத் துணியால் மூடப்பட்ட அந்தக் காலைப்பற்றி அன்றிரவுதான் எங்கள் பிள்ளைகளிடம் முதன்முறையாகப் பேசினோம்.

ஒரே நாளில் நோய் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அதன்பின்பும் ஓராண்டுக்குமேல் மாத்திரைகள் தொடர்ந்தன. மருத்துவர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. இடையில் சில வாரங்கள் மீண்டும் இருண்டன. குணமாக்கியது மருந்தா, ஒப்பாரியா, மருத்துவரின் மொழியா, மகளின் வெல்லமா என்று எங்களைக் கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. தறியில் பழைய பாவு முடியும்போது நெசவாளர் அதை அறுத்து எறிந்துவிடுவதில்லை. பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுப்பார்கள். பிணைக்காமல் புதிய பாவு அச்சுக்குள் நுழையாது. அம்மையார் வீட்டில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். மருத்துவம் நம் மக்களிடம் நுழைய வேண்டுமானால் அதற்கும் அந்தப் பிணைப்புத்தான் வேண்டும் போலும்.

*

திருச்சபை இதை நமக்குச் சொல்லாமலில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தில், மறைப்பணிக்கு இறையியலோடு உளவியல், சமூகவியல் ஆகியவற்றின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டுமென வலியுறுத்தியது. மக்களின் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்பதும் அச்சங்கத்தின் குரலே. இரண்டையும் சேர்த்துப் படிக்க நாம்தான் மறந்தோம். அழுகைக்கு நம்மிடம் இடமில்லை என்பதும் உண்மையன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் மறைப்பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஆண்டவரின் பாடுகளைச் சொல்லிப் புலம்புவதற்கென்றே 'வியாகுலப் பிரசங்கம்' எழுதித் தந்தார். பெரிய வெள்ளியன்று இறந்த ஆண்டவரின் திருவுருவத்தின்முன் நம் பாட்டிமார் அழுத அழுகையில் அவரவர் வீட்டுச் சாவும் கலந்திருந்தது. ஆண்டவரே பெத்தானியாவில் தம் நண்பரின் கல்லறைமுன் அழுதார். அவரைத் தைரியமாக இருக்கும்படி யாரும் சொன்னதாக நற்செய்தியில் இல்லை.

கல்லறைகளின் நடுவே வாழ்ந்த கெரசேனரின் மனிதனையும் நினைத்துப் பார்ப்போம். ஊரார் அவனைச் சங்கிலியால் பிணைத்தார்கள். அவன் முறித்துக்கொண்டு ஓடினான். ஆண்டவர் அவனிடம் பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடையணிந்து, அறிவுத் தெளிவோடு அமர்ந்திருந்தான். உடன்வர விரும்பியவனை அவர் வீட்டுக்கு, அவன் உறவினரிடமே திருப்பி அனுப்பினார். சங்கிலி இல்லை, பெயர் கேட்கும் ஒரு குரல் உண்டு, திரும்பிச்செல்ல ஒரு வீடு உண்டு. மனநலப் பணிக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நாங்கள் கண்டதில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் தெருவிலும் நின்றுபோன தறிகள் இருக்கும். உறங்காதவர், உண்ணாதவர், பேச்சை விட்டவர், சாவைப்பற்றியே பேசுபவர் எவரேனும் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்ற அரசு உதவிப்பணியை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதனோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதாக எண்ணவும் வேண்டாம். அவருடைய மொழி எது, அவர் எந்தச் சொல்லால் தம் நோயைச் சொல்கிறார், அவர் வீட்டில் செய்யப்படாமல் போனது என்ன என்று கேளுங்கள்.

உளவியல் ஆலோசனையை நம் தமிழ்க் கத்தோலிக்க வட்டாரங்களில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று அழைக்கிறோம். நல்ல சொல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்வது அதன் இலக்கணம். வழி சொல்பவன் மேலிருந்து பேசுபவனல்லன். அதே வழியில் அதே பசியோடு நடந்தவன். நாங்கள் இருவரும் அந்த வழியில் நடக்காமலே அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வீட்டுத் தறி இப்போது ஓடுகிறது. மே மாதத்தில் ஒருநாள் மட்டும் அம்மையார் அதை நிறுத்திவிடுவார். அன்று மாலை நாங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்கிறோம். அழாதேம்மா என்று இப்போது சொல்வதில்லை.